கணக்கேடு ஏந்திய காரிகை

கல்கத்தாவில் நாலு நாள் தங்கியவர்களுக்குக்கூட லேடிகேனி என்ற இனிப்பு அறிமுகமாகியிருக்கும். நம் ஊர் குலாப் ஜாமூனுக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். வைஸ்ராய் கானிங் பிரபுவின் மனைவி சார்லட் சீமாட்டியின் பெயரையே வங்காளிகள் தங்கள் நாக்குக்கு இசைவாக லேடிகேனி என்று மாற்றிக்கொண்டார்கள் என்பார்கள். அந்தச் சீமாட்டி 1861 நவம்பர் 18-ந் தேதி விஷ ஜுரத்தால் கல்கத்தாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 44. ஹூக்ளி நதிக்கரையில் பாரக்பூரில் அவரை அடக்கம் செய்தார்கள்.

இந்தச் சீமாட்டிக்கு லண்டனில் ஒரு சிநேகிதி இருந்தார். 1853-ம் ஆண்டு, ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறு ஆஸ்பத்திரியை நடத்த ஒரு நிர்வாகியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதன் மகளிர் குழுவுக்குத் தலைவியாக இருந்தவர் லேடி கானிங். நிர்வாகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் 33 வயது நிரம்பிய ஒரு செல்வக் குடும்பத்துப் பெண். பதவி ஏற்பதற்கு முன்பே அவர் லேடி கானிங்குக்குக் கடிதம் எழுதி, சில வசதிகளைச் செய்து தரும்படி கேட்டார். ஒவ்வொரு மாடிக்கும் சாப்பாடு ஏற ஒரு விசைத்தூக்கி வேண்டும். நோயாளி மணி அடித்தால் அது நர்ஸின் அறைக்கு வெளியே ஒலிக்க வேண்டும். எந்த மணி அடித்தது என்பது பிறகும் தெரியும்படி அடையாளம் திறந்தே இருக்க வேண்டும். கூப்பிட்டது யார் என்ற தடயம் அழிந்துவிடக் கூடாது என்பதில் அவருக்கு அப்போதே அவ்வளவு அக்கறை.

அவர்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

கைவிளக்கேந்திய காரிகை என்று நம் பாடப் புத்தகங்கள் அவரை வர்ணிக்கின்றன. இருட்டில் விளக்குடன் வார்டு வார்டாக நடந்து வரும் அந்தச் சித்திரம் உண்மையானதே. ஆனால் அதே கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தது என்பதைச் சித்திரக்காரர்கள் விட்டுவிட்டார்கள். இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலின் காலடியில் தொங்கும் அட்டையில் ஜுரம், நாடி, மூச்சு, குடித்த நீர், கழித்த நீர் என்று நர்ஸுகள் நேரம் போட்டு எழுதி வைக்கிறார்களே, அந்த வழக்கத்தின் வேர் எங்கே என்று தேடிப் போனால் அந்த நோட்டுப் புத்தகத்தில்தான் போய் நிற்க வேண்டும். கல்கத்தாவை அவர் ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அந்த நகரத்தோடு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக் காலம் காகிதத்தின் வழியே அவர் உறவு வைத்திருந்தார்.

கணக்கின் மீது காதல்

1820 மே 12-ந் தேதி, இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். ஊரின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். இங்கிலாந்தில் இரண்டு மாளிகைகள் உள்ள குடும்பம். தந்தை வில்லியம் தாமே ஆசானாக இருந்து லத்தீன், கிரேக்கம், சரித்திரம், தத்துவம் எல்லாம் போதித்தார். பெண்ணுக்கு அதோடு திருப்தி இல்லை. கணிதம் வேண்டும் என்றார். மணமாக வேண்டிய பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்று தாயாருக்கு ஆதங்கம். தோட்டத்தில் விளைந்த காய் கனிகளைக்கூடப் பட்டியல் போட்டு எழுதி வைத்த சிறுமி அவர். பிடிவாதம் ஜெயித்தது.

நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றபோதுதான் வீட்டில் பூகம்பமே வந்தது. அந்நாளைய இங்கிலாந்தில் ஆஸ்பத்திரித் தாதி என்றால் குடிப் பழக்கம் உள்ளவள், வேறு வேலை கிடைக்காதவள் என்றே பெயர். குடும்பம் தடுத்தது. அவர் வெளிப்படையாகச் சண்டை போடவில்லை. விடியுமுன் எழுந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆஸ்பத்திரிகளைப் பற்றிய சர்க்கார் அறிக்கைகளைப் படித்து, நோட்டு நோட்டாகக் குறிப்பெடுத்தார். காலைச் சாப்பாட்டு மணி அடித்ததும் சமர்த்துப் பெண்ணாகக் கீழே இறங்கி வருவார். இப்படிச் சில வருஷங்கள் கழிந்தன. பல ஆண்டுகள் தம்மை விரும்பிக் காத்திருந்த ரிச்சர்டு மாங்டன் மில்ன்ஸ் என்ற பிரமுகரை மணக்க 1849-ல் மறுத்தார். 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதம் தாதிப் பயிற்சி பெற்றார். அப்புறம்தான் ஹார்லி தெரு.

மூன்று பதிவேடு, மூன்று கணக்கு

1854-ல் இங்கிலாந்து கிரிமியப் போரில் இறங்கியது. ராணுவ அமைச்சர் ஸிட்னி ஹெர்பர்ட் கேட்டுக்கொண்டபடி 38 நர்ஸுகளுடன் அம்மையார் துருக்கிக்குக் கப்பலேறினார். நவம்பர் 4-ந் தேதி கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எதிர்க்கரையில் ஸ்கூட்டாரி என்ற இடத்துப் பெரிய ராணுவ ஆஸ்பத்திரியில் காலடி வைத்தார். அங்கே இருந்த அழுக்கும் நெரிசலும் சாக்கடை நாற்றமும் பலரும் எழுதியவை. அதிகம் எழுதப்படாத ஒரு விஷயம் உண்டு. அந்த ஆஸ்பத்திரியில் செத்தவர்களின் எண்ணிக்கையே சரியாக யாருக்கும் தெரியவில்லை.

மரணங்களுக்கு மூன்று தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. புதைகுழிக்குப் போன சடலங்களைக் கணக்கெடுத்தது ஒன்று. டாக்டர்கள் எழுதியது ஒன்று. ராணுவ அலுவலகத்தில் வைத்திருந்தது ஒன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஏடு ஒன்றில் ஒருவன் மாண்டிருப்பான். மற்றொன்றில் அவன் பெயரே இராது. ஊரில் ஒரு தாய் மகனுடைய கடிதத்துக்காகக் காத்திருப்பாள். அம்மையார் இரவில் உட்கார்ந்து இறந்த சிப்பாய்களின் வீடுகளுக்குத் தாமே கடிதம் எழுதினார். அவன் கடைசியாக என்ன கேட்டான், என்ன சொன்னான், அவனிடம் இருந்த பணம் எவ்வளவு என்பதெல்லாம் அந்தக் கடிதங்களில் இருக்கும். சிப்பாய்கள் சம்பளத்தைக் குடித்துத் தீர்க்காமல் ஊருக்கு அனுப்பவும் ஓர் ஏற்பாடு செய்தார். ராணுவத் தளபதிகள் இதைப் பார்த்து நகைத்தார்கள். சர்க்கார் அந்த ஏற்பாட்டை மேற்கொண்ட ஆறே மாதத்தில் 71,000 பவுன் ஊர் போய்ச் சேர்ந்தது.

1855 பிப்ரவரியில் அங்கே மரண விகிதம் நூற்றுக்கு 42-ஐத் தாண்டியது. மார்ச் மாதம் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. சாக்கடைகளைக் கழுவி, செத்த பிராணிகளை அகற்றி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். ஜூன் மாதம் விகிதம் 2 சொச்சமாக இறங்கியது.

போர் முடிந்து நாடு திரும்பிய பிறகு, 1857-ல், வில்லியம் பார் என்ற புள்ளிவிவர நிபுணருடன் உட்கார்ந்து அம்மையார் கணக்குகளைச் சரிபார்த்தார். நோயால் மாண்டவர்கள் ஏறக்குறைய 16,000 பேர். குண்டடி பட்டு மாண்டவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதைவிடக் கொடுமை, அந்தக் குளிர்காலத்தில் மிக அதிகமானோர் மாண்ட இடங்களில் முதல் வரிசையில் நின்றது அவர் பணியாற்றிய ஸ்கூட்டாரியேதான். நாடு முழுவதும் அவரைத் தெய்வமாகக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. வேறு யாராவது இருந்தால் அந்தக் கணக்கை மூடி வைத்திருப்பார்கள். அவர் அதை வட்ட வடிவப் படமாக வரைந்து, நிறம் தீட்டி, ராணி முதல் மந்திரிகள் வரை பார்க்கும்படி செய்தார். 1858-ல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றது. அந்தக் கௌரவம் பெற்ற முதல் பெண் அவரே.

அதற்குள் உடம்பு ஒடிந்துவிட்டது. கிரிமியாவில் பிடித்த ஜுரம் விடாமல் தொடர, வாழ்நாளின் பெரும்பகுதியைப் படுக்கையிலும் சாய்வு நாற்காலியிலும்தான் கழித்தார். மந்திரிகளும் வைஸ்ராய்களும் அவர் வீடு தேடிப் போக வேண்டியிருந்தது.

எத்தனை மணி நேரம் தூங்கினார்?

1859-ல் தாதிப் பணியைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அது நர்ஸுகளுக்கான பாடநூல் அல்ல. வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் சாதாரணப் பெண்களுக்காக எழுதியது. அதில் நோயாளியைக் கவனித்தல் என்பதற்கே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். இன்று படித்தாலும் நமக்கு நன்றாக உறைக்கக்கூடிய அத்தியாயம் அது.

நோயாளி ராத்திரி நன்றாகத் தூங்கினாரா என்று டாக்டர் கேட்கிறார். நன்றாகத் தூங்கினார் என்று பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்கிறார். இரண்டுமே பிரயோஜனமற்றவை என்பது அம்மையாரின் வாதம். பத்து மணி நேரம் தூங்கிப் பழகியவர் ஏழு மணி நேரம் தூங்கினால் அவருக்கு அது கெட்ட இரவு. இரண்டு மணி நேரமே தூங்கிவந்தவர் நாலு மணி நேரம் தூங்கினால் அது நல்ல இரவு. எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்தெந்த மணியில் தூங்கினார் என்று கேட்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லக் கூடியவள்தான் தாதி. சாப்பாடும் அப்படியே. பசி உண்டா என்று கேட்பதை விட்டு, எதை, எவ்வளவு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று பார்க்க வேண்டும். தட்டில் சோற்றை வைத்துவிட்டு, அது தொடப்படாமல் ஆறிக் கிடப்பதை யாரும் கவனிக்காததால் ஆயிரக்கணக்கான நோயாளிகள் நிறைந்த சமையலறைக்குப் பக்கத்திலேயே பட்டினியால் மெலிகிறார்கள் என்று அவர் கடிந்துகொண்டார்.

இன்னோர் அத்தியாயம், தாதி இல்லாத நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது. ஒரு நர்ஸ் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் 24 மணி நேரமும் நிற்க முடியாது. அவள் போனதும் அவள் அறிந்ததெல்லாம் அவளோடு போய்விட்டால் நோயாளியின் கதி என்ன? தான் செய்வது தான் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்பவளே பொறுப்புள்ளவள் என்றார். இன்று பகல் நர்ஸ் இரவு நர்ஸிடம் வார்டை ஒப்படைக்கும்போது கட்டில் கட்டிலாக நின்று குறிப்பைப் படித்துக் காட்டும் வழக்கத்துக்கு இதுவே அடிப்படை.

1860 ஜூலை 9-ந் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரால் தாதிப் பள்ளி தொடங்கியது. மாணவியர் கவனித்துச் சொல்ல வேண்டியவை என்ன என்று ஒரு ஜாபிதாவே அச்சடித்துக் கொடுத்தார்கள். கழிவுகள், சளி, நாடி, தோல், பசி, புத்தித் தெளிவு, பிதற்றல், மூச்சு, தூக்கம், புண்ணின் நிலை, உணவாலும் மருந்தாலும் ஏற்பட்ட மாறுதல்! இன்றைய நர்ஸ் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தலைப்புகள் பெரும்பாலும் அவையே என்பதைக் காணலாம். மாணவியர் நாள்குறிப்பும், தாங்கள் கவனித்த நோயாளிகளைப் பற்றிய குறிப்பும் எழுத வேண்டும். பிற்காலத்தில் அம்மையாரே படுக்கையில் கிடந்தபடி அவற்றை வரவழைத்து, வரி வரியாகப் படித்து, விளிம்பில் திருத்தம் போட்டு அனுப்பினார். மாணவியரைப் பற்றி மேட்ரன் மாதாமாதம் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்றும் உண்டு. நேரம் தவறாமை, அமைதி, சுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். படிவம் என்றால் அவருக்கு அப்படி ஓர் ஆசை.

அந்த ஆசை சில சமயம் எல்லை மீறியதும் உண்டு. அதே 1860-ல் லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளிவிவர மகாநாட்டில், எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே மாதிரிக் கணக்கு வைக்க வேண்டும் என்று மாதிரிப் படிவங்களை முன்வைத்தார். வருஷ ஆரம்பத்தில் இருந்தவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், குணமானவர்கள், குணமாகாமல் போனவர்கள், தாமே கேட்டுக்கொண்டு போனவர்கள், இறந்தவர்கள், வருஷக் கடைசியில் மிஞ்சியவர்கள், ஒருவர் சராசரி எத்தனை நாள் தங்கினார் என்பவற்றை எல்லாம் வியாதிவாரியாக, வயதுவாரியாக, ஆண் பெண் வாரியாக எழுத வேண்டும். மகாநாடு ஏற்றது. லண்டனின் பெரிய ஆஸ்பத்திரிகள் சில காலம் நிரப்பியும் பார்த்தன. ஆனால் வியாதிகளின் பெயரிலேயே டாக்டர்களுக்குள் ஒற்றுமை இல்லை. எழுதும் வேலையும் தாங்க முடியவில்லை. திட்டம் மெல்லப் படுத்துவிட்டது. எழுதி மாளவில்லை, நோயாளியைப் பார்க்க நேரமில்லை என்று இன்று நர்ஸுகள் குறைப்படுவதற்கு முன்னோடி அன்றே இருந்தது!

1863-ல் வெளியான அவருடைய ஆஸ்பத்திரிக் குறிப்புகள் நூலில் இன்னொரு வில்லங்கம். லண்டனின் 24 ஆஸ்பத்திரிகளில் மரண விகிதம் நூற்றுக்கு 90-க்கு மேல் என்று ஓர் அட்டவணை சொன்னது. வில்லியம் பார் போட்ட கணக்கு அது. ஒரு வருஷம் முழுவதும் இறந்தவர்களை, ஒரே ஒரு நாளில் படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துவிட்டார்கள். டாக்டர்கள் பத்திரிகைகளில் கிழித்தெறிந்தார்கள். அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். எண்களை எழுதி வைத்தால் போதாது, எதை எதனால் வகுப்பது என்றும் தெரிய வேண்டும்.

கல்கத்தாவுக்குப் போன கேள்விகள்

இனி இந்தியாவுக்கு வருவோம். 1857 எழுச்சிக்குப் பின் பெரும் வெள்ளைப் பட்டாளம் இங்கே வந்து இறங்கியது. அவர்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் மாண்டுகொண்டிருந்தார்கள். காரணத்தை ஆராய 1859-ல் ஒரு ராயல் கமிஷன் நியமிக்கப்பட்டது. அம்மையார் அதில் அங்கத்தினர் அல்ல. பெண்களைக் கமிஷனில் போடுகிற காலம் அல்லவே! ஆனால் வேலை அவருடையது. இந்தியாவில் உள்ள ஒவ்வொரு ராணுவ நிலையத்துக்கும் ஒரு கேள்விப் பட்டியல் போயிற்று. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சாக்கடை எங்கே போகிறது? சிப்பாய் எவ்வளவு சாராயம் குடிக்கிறான்? ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது யார்?

பதில்கள் வண்டி வண்டியாக லண்டனில் வந்து இறங்கின. 1863-ல் இரண்டு தொகுதியாக வெளிவந்த அறிக்கை 2,000 பக்கங்களுக்கு மேற்பட்டது. யார் படிப்பார்கள் இதை? அம்மையார் பதில்களைப் பிழிந்து, ஒரு சிறு குறிப்பு எழுதினார். தோல் பையில் தண்ணீர் சுமக்கும் பிஷ்டி போன்ற சித்திரங்களையும் சேர்த்தார். சித்திரத்துக்குச் செலவாகுமே என்று சர்க்கார் தயங்க, பணத்தைத் தாமே தர முன்வந்தார். பெரிய அறிக்கையைப் படிக்காதவர்கள் எல்லாம் இதைப் படித்தார்கள்.

அந்தக் குறிப்பு நம்மவர்களைப் பற்றிச் சொன்ன ஒரு விஷயம் மனத்தைத் தொடுவது. சுதேசிப் பட்டாளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிச் சிப்பாய்க்குச் சாப்பாடு அவன் பொறுப்பு. அவனுடைய உறவினரோ நண்பரோதான் தாதி. கவனிப்பதற்கே ஆள் இல்லாத இடத்தில் எழுதி வைக்க யார் இருப்பார்கள்? அந்த வருஷங்களில் இலங்கை உள்ளிட்ட குடியேற்ற நாடுகளின் சுதேசிப் பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அவர் படிவங்கள் அனுப்பிப் பார்த்தார். பல இடங்களிலிருந்து அரைகுறையான விவரமே திரும்பி வந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்பதைத் தசம ஸ்தானம் வரை சொல்ல முடிந்த ஒரு ராஜாங்கத்துக்கு, கல்கத்தாவின் சந்துகளில் காலராவில் மடிந்தவர்களின் கணக்கு சரியாகத் தெரியவில்லை.

1863 டிசம்பரில், வைஸ்ராயாக நியமிக்கப்பட்ட சர் ஜான் லாரன்ஸ் கல்கத்தா புறப்படுமுன் அம்மையாரைச் சந்தித்துப் பேசினார். 1864-ல் கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்று இடங்களிலும் சுகாதாரக் கமிஷன்கள் அமைக்கப்பட்டன. வங்காளக் கமிஷனின் தலைவர் ஜான் ஸ்ட்ரேச்சி அந்த ஆண்டே கல்கத்தாவைப் பற்றி அறிக்கை தந்தார். நகரத்தின் குடிநீரான ஹூக்ளி நதியில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிணங்கள் எறியப்படுவதை அது சொன்னது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலிருந்தே பிணங்கள் ஆற்றுக்குப் போயின என்பதுதான் அதில் வெட்கக்கேடு. ஆஸ்பத்திரியில் ஏழையின் பெயர் எந்த ஏட்டிலும் நிற்காது, உடலும் நிற்காது. ஆற்றோடு போய்விடும்.

பிறகு மாறுதல் வந்தது. பாதாளச் சாக்கடை போட்டார்கள். வடக்கே பல்தா என்ற இடத்தில் ஆற்று நீரை வடிகட்டி 1870 வாக்கில் குழாய் வழியே நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். காலரா சாவு கண்கூடாகக் குறைந்தது. அந்த எண்களைப் பார்த்து லண்டனில் படுக்கையில் இருந்த அம்மையார் அடைந்த ஆனந்தம் சொல்லி முடியாது. 1870-ல் வங்காள சமூக விஞ்ஞானச் சங்கத்துக்கு இந்தியச் சுகாதாரம் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். வெள்ளைச் சிப்பாய்களின் சாவு ஆயிரத்துக்கு 69 என்றிருந்தது 18-ஆகக் குறைந்துவிட்டது என்று 1873-ல் கணக்குக் காட்டினார்.

தாதி விஷயம் மட்டும் இழுத்துக்கொண்டே போயிற்று. வங்காளக் கமிஷனின் செயலாளர் டாக்டர் வாக்கர் கேட்டபடி, இந்திய ஆஸ்பத்திரிகளுக்கான தாதித் திட்டம் ஒன்றை 1865-ல் அவர் வகுத்து அனுப்பினார். சிறிய அளவில் தொடங்கிப் பார்த்து, பிறகு விரிக்கலாம் என்பது அவர் எண்ணம். கல்கத்தா செக்ரட்டேரியட் அதைப் பல ஆஸ்பத்திரிகளுக்கு ஒரே சமயத்தில் என்று பெரிதாக்கியது. பிறகு செலவு அதிகம் என்று அதுவே கைவிட்டது. சர்க்கார் காரியம் என்றால் அன்றும் அப்படித்தான். அம்மையாருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. 1871-ல் சென்னைப் பெரியாஸ்பத்திரியில் நாலே மாணவியருடன் ஒரு தாதிப் பள்ளி தொடங்கியது. பயிற்சி பெற்ற ராணுவ நர்ஸுகள் பத்துப் பேர் இங்கிலாந்திலிருந்து பம்பாய் வந்து இறங்கியது 1888-ல்தான்.

பெயர், ஊர், தொகை

வயதாக ஆக அவருடைய அக்கறை ஆஸ்பத்திரியைத் தாண்டி வயலுக்குப் போயிற்று. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் அவரை உலுக்கிவிட்டது. தஞ்சைக் கழனிகளுக்குக் கொள்ளிடத்தில் அணை கட்டித் தந்த சர் ஆர்தர் காட்டனுக்குத் துணையாக நின்று, பாசனத்துக்காக வாதாடினார். ரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்கள் என்பது அவர்களுடைய கட்சி.

அதே 1878-ல் வங்காளத்தைச் சேர்ந்த பி.கே. சென் என்பவரோடு கடிதத் தொடர்பு ஏற்பட்டது. ஜமீன்தார்களிடம் குடியானவர்கள் படும் அவதியைப் பற்றி அவர் எழுதினார். அம்மையார் இரக்கப்பட்டு உருகி எழுதியிருக்கலாம். அவர் கேட்டது விவரம். எந்த ஊர், எந்தக் குடியானவன், எவ்வளவு குத்தகை, எவ்வளவு அதிகப்படி வசூல், ரசீது உண்டா? வார்டு நர்ஸிடம் எப்படிக் கேட்டாரோ அப்படியே குடியானவனைப் பற்றியும் கேட்டார். மொத்தமாகச் சொல்லும் துயரத்தை மந்திரி காதில் போட்டுக்கொள்ள மாட்டான். ஒவ்வொன்றாக எழுதிய விவரத்தை அவனால் மறுக்க முடியாது என்பது ஸ்கூட்டாரியில் படித்த பாடம். ரிப்பன் பிரபு காலத்தில் விவாதிக்கப்பட்டு 1885-ல் நிறைவேறிய வங்காளக் குத்தகைச் சட்டத்துக்கு லண்டனில் ஆதரவு திரட்டியவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கடிதங்கள் 1937-ல் கல்கத்தாவில் நூலாக வெளிவந்தன.

டப்ரின் சீமாட்டி 1885-ல் இந்தியப் பெண்களுக்கு மருத்துவ உதவி நிதி தொடங்கியபோதும் அம்மையாரிடம் ஆலோசனை கேட்டார். 1888-ல் கல்கத்தா டப்ரின் ஆஸ்பத்திரிக்குக் காதம்பினி கங்கூலி என்ற வங்காளப் பெண் டாக்டர் நியமனம் பெறலாம் என்ற பேச்சு வந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறியவர். பிரசவமான சில நாட்களிலேயே கல்லூரி திரும்பியவர். இவரைப் பற்றிக் கேள்விப்பட்ட அம்மையார், உடனே ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதி விசாரித்தார். எத்தனை வயது, எங்கே படித்தார், எப்போது தேறினார்? அந்த 67 வயதிலும் கேள்வி கேட்கும் பழக்கம் போகவில்லை.

கிருமிதான் நோய்க்குக் காரணம் என்பதை வெகு காலம் அவர் ஏற்க மறுத்தார். அழுக்கும் காற்றோட்டம் இன்மையுமே எல்லா நோய்க்கும் மூலம் என்ற பழைய கட்சியிலேயே நின்றார். 1883-84-ல் ராபர்ட் காக் கல்கத்தாவுக்கே வந்து காலராக் கிருமியை அடையாளம் காட்டிய பிறகும் அவருடைய சந்தேகம் சுலபத்தில் தீரவில்லை. ஆனால் சுத்தமான நீர், காற்று, கை கழுவுதல், எழுதி வைத்தல் என்று அவர் பிடித்த பிடி சரியாகவே இருந்தது.

கண் பார்வை மங்கி, பிறகு அறவே போயிற்று. நினைவும் தப்ப ஆரம்பித்தது. அப்போதும் லண்டன் இந்தியா ஆபீஸிலிருந்து சுகாதாரக் காகிதங்கள் அவருடைய சவுத் தெரு வீட்டுக்கு வழக்கம்போல வந்துகொண்டே இருந்தன. இனி அனுப்பிப் பயனில்லை, அம்மையாரால் படிக்க முடியாது என்று 1906-ல்தான் வீட்டார் தெரிவித்தார்கள். மறு ஆண்டு ஆர்டர் ஆப் மெரிட் என்ற உயர்ந்த விருது அவரைத் தேடி வந்தது. அதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

1910 ஆகஸ்டு 13-ந் தேதி, 90-வது வயதில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யலாம் என்று சர்க்கார் சொன்னதை உறவினர் ஏற்கவில்லை. அவருடைய விருப்பப்படி ஈஸ்ட் வெல்லோ கிராமத்தில் பெற்றோருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கல்லறையில் அவருக்காகப் பொறித்தது பெயரின் இரண்டு எழுத்துக்களும், பிறப்பு, இறப்பு விவரமும் மட்டுமே.